பால்புதுமையினர் உரிமைப் போராட்டத்தில் உணர்ச்சிகள்

தன்பால் ஈர்ப்பாளர், இருபால் ஈர்ப்பாளர், திருநர், இடைப்பாலினர் எனப் பல தரப்பினரையும் சேர்த்துக் குறிக்கும் பெயர் பால்புதுமையினர். இவர்களுடைய உரிமை இயக்கங்கள் வெட்கம், அச்சம், துக்கம், சினம், பெருமிதம், அன்பு ஆகியவற்றை எவ்வாறு கையாண்டன, அவற்றின் வழியே தேர்தல், வாக்கெடுப்பு, நீதிமன்றம் ஆகிய ஜனநாயக அரங்குகளில் எவ்வாறு நுழைந்தன என்பது இக்கட்டுரையின் பொருள். ஏறத்தாழ எழுபது ஆண்டு வரலாறு இது. இதில் நன்கு ஆராயப்பட்ட பகுதி அமெரிக்காவில் நடந்தது. அயர்லாந்தும் இந்தியாவும் பின்னால் வந்து தத்தம் பங்கைச் சேர்த்தன.

அரசியலில் உணர்ச்சிக்கு நல்ல பெயர் கிடையாது. கூட்டமாகச் சேர்ந்த மனிதன் அறிவை இழக்கிறான் என்று 1895இல் எழுதினார் பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ போன். 1970களின் சமூகவியலாளர்கள் அதை மறுத்தார்கள்: போராடுகிறவர்கள் வெறிபிடித்தவர்கள் அல்லர், ஆள்பலமும் பணபலமும் திரட்டி லாப நட்டம் பார்த்து இறங்கும் விவரமானவர்களே என்றார்கள். மறுத்த வேகத்தில் உணர்ச்சியையே ஆய்விலிருந்து தள்ளிவிட்டார்கள். 2001இல் ஜெஃப் குட்வின், ஜேம்ஸ் ஜாஸ்பர், பிரான்செஸ்கா பொலெட்டா ஆகியோர் தொகுத்த நூல் அதைத் திரும்ப உள்ளே கொண்டுவந்தது. 2009இல் வந்த டெபோரா கூல்டின் ஆய்வு இத்துறையில் இன்றும் முதலில் எடுத்துப் படிக்க வேண்டியது. கூல்ட் எய்ட்ஸ் போராட்ட அமைப்பான ஆக்ட் அப்பின் சிகாகோ கிளையில் இருந்தவர். எதை உணரலாம், எதை வெளியே காட்டலாம், எதை விழுங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு சமூகத்திலும் எழுதாத நடைமுறை உண்டு; அந்த நடைமுறை மாறும்போதே அரசியலும் மாறுகிறது என்பது அவர் முடிவு.

தமிழ் வாசகருக்கு இது முற்றிலும் புதிதாக இராது. மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியம், ஒவ்வொன்றும் எங்கிருந்து பிறக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறது. வெகுளி பிறக்கும் இடங்களில் குடிகோளும் கொலையும் இருக்கின்றன. அச்சம் பிறக்கும் இடங்களில் ஆளும் இறைவனும் இருக்கிறான். உணர்ச்சியின் ஊற்று மனத்துக்குள் மட்டும் இல்லை என்பது அந்த இலக்கண ஆசிரியருக்குத் தெரிந்திருந்தது.

அடக்கத்தின் காலம்

1953 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் ஐசனோவர் பிறப்பித்த 10450ஆம் எண் ஆணை, 'பாலியல் பிறழ்வு' உள்ளவர்கள் அரசுப் பணிக்கு ஆகாதவர்கள் என்றது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். பெரும்பாலோர் வழக்குக்குப் போகவில்லை. போனால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். அரசு செய்ய வேண்டிய வேலையில் பாதியை வெட்கமே செய்து முடித்தது.

ஃபிராங்க் கமேனி விதிவிலக்கு. ஹார்வர்டில் வானியலில் முனைவர் பட்டம் பெற்று ராணுவ நிலப்படத் துறையில் சேர்ந்தவரை 1957இல் வெளியேற்றினார்கள். வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார். 1961இல் அது விசாரிக்கவே மறுத்தது. அதே ஆண்டு வாஷிங்டனில், தன்பால் ஈர்ப்பாளர் உரிமைக்கான மாட்டசீன் சங்கத்தைத் தொடங்கினார். 1965 ஏப்ரல் 17 அன்று வெள்ளை மாளிகை முன் பத்துப் பேர் தட்டி ஏந்தி நடந்தார்கள். ஆண்கள் கோட்டும் டையும், பெண்கள் பாவாடையும் அணிந்திருந்தனர். அது விதி. வேலை கேட்டு வருகிறவர்கள் வேலைக்குத் தகுந்தவர்களாகத் தெரிய வேண்டும் என்பது கமேனியின் வாதம்.

இன்று பார்க்கும்போது இது பயந்த சுபாவமாகத் தோன்றலாம். அப்படிச் சொல்வது நியாயமில்லை. கேமராவுக்கு முன் முகம் காட்டினாலே வேலையும் வாடகை வீடும் போய்விடும் என்ற காலம் அது. அச்சத்தை அடக்கிக்கொண்டு நிதானமாக நடப்பதற்கு, கத்திவிட்டுப் போவதைவிட அதிகத் துணிவு வேண்டியிருந்தது. 1968இல், கறுப்பு அழகானது என்ற முழக்கத்தைப் பார்த்து, தன்பால் ஈர்ப்பு நல்லது என்ற முழக்கத்தை உருவாக்கியவரும் இதே கமேனிதான்.

ஆனால் அடக்கத்துக்கு ஓர் எல்லை இருந்தது. 1965 முதல் ஆண்டுதோறும் ஜூலை 4 அன்று ஃபிலடெல்ஃபியாவில் சுதந்திர மண்டபத்தின் முன் இத்தகைய அமைப்புகள் மறியல் செய்தன. 1969ஆம் ஆண்டு மறியலில் இரண்டு பெண்கள் கைகோத்து நடந்தார்கள். கமேனி விரைந்து வந்து இருவர் கைகளையும் பிரித்துவிட்டார். ஊர்வலத்தில் வந்திருந்த நியூயார்க் புத்தகக் கடைக்காரர் கிரெய்க் ராட்வெல்லுக்கு அது பொறுக்கவில்லை. அங்கேயே சண்டை மூண்டது. அவர் கோபத்துக்குப் பின்னணி இருந்தது: ஆறு நாள் முன்புதான், ஜூன் 28 விடியலில், நியூயார்க்கின் ஸ்டோன்வால் விடுதியில் போலீஸ் சோதனையை வாடிக்கையாளர்களும் தெருப்பிள்ளைகளும் எதிர்த்துக் கல்லெறிந்திருந்தார்கள்.

பெருமிதமும் அதற்கு வெளியே நின்றவர்களும்

அந்த நவம்பரில் கிழக்குக் கரையோர அமைப்புகளின் மாநாட்டில் ராட்வெல் தரப்பு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. ஜூலை 4 மறியலுக்குப் பதிலாக ஜூன் கடைசியில் நியூயார்க்கில் ஊர்வலம். அதற்கு உடைக் கட்டுப்பாடோ வயதுக் கட்டுப்பாடோ கிடையாது. கோட்டும் டையும் அந்த ஒரு வரியில் கழன்றன. 1970 ஜூன் 28 அன்று கிரெனிச் வில்லேஜிலிருந்து சென்ட்ரல் பார்க் வரை ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். இன்று உலகம் முழுக்க ஜூனில் நடக்கும் பேரணிகளுக்கு மூலம் அதுதான்.

பெருமிதம் ஓர் இயற்கை உணர்ச்சியாக வந்து சேரவில்லை. வெட்கத்துக்கு மாற்றாக வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கப்பட்டது. அதைப் பழகவும் வேண்டியிருந்தது. பழகும்போதே அதற்குள் ஒரு வரிசை உண்டாகிவிட்டது. 1973 ஜூனில் வாஷிங்டன் சதுக்கக் கூட்டத்தில், சிறையில் வாடும் தம்மவர்களைப் பற்றிப் பேச மேடையேறிய சில்வியா ரிவேராவைக் கூட்டம் கூச்சலிட்டு இறக்கப் பார்த்தது. பெண் உடையில் தெருவில் வாழ்ந்த அவரைப் போன்றவர்கள் இயக்கத்துக்கு அவப்பெயர் தருவார்கள் என்பது பலரின் எண்ணம். வெட்கம் ஒழியவில்லை, அடுத்தவர் தலையில் இறக்கி வைக்கப்பட்டது.

அதற்குள் எதிர்த்தரப்பும் உணர்ச்சியின் கணக்கைக் கற்றுக்கொண்டிருந்தது. 1977 தொடக்கத்தில் ஃபுளோரிடாவின் டேட் மாவட்டம் பாகுபாட்டுக்கு எதிராக ஒரு சட்டம் இயற்றியது. பாடகி அனிதா பிரையன்ட் 'நம் பிள்ளைகளைக் காப்போம்' என்று இயக்கம் தொடங்கினார். ஜூன் 7 அன்று நடந்த வாக்கெடுப்பில் ஒன்றுக்கு இரண்டுக்கும் மேல் என்ற விகிதத்தில் சட்டம் ரத்தானது. பிள்ளைகளுக்கு ஆபத்து என்ற அச்சத்தை விதைக்க ஒரு வரி போதும். அதைக் களைய நூறு பக்க அறிக்கை போதாது. பின்னாளில் எத்தனையோ வாக்கெடுப்புகளில் இதுவே நடந்தது.

சான் பிரான்சிஸ்கோவின் ஹார்வி மில்க் இதற்கு ஒரு விடை கண்டார். காஸ்ட்ரோ தெருவில் கேமராக் கடை வைத்திருந்த இவர் 1977 நவம்பரில் நகரமன்ற உறுப்பினரானார். தன்பால் ஈர்ப்புள்ள ஆசிரியர்களைப் பள்ளிகளிலிருந்து நீக்க வேண்டும் என்ற பிரிக்ஸ் தீர்மானம் கலிஃபோர்னியாவில் 1978இல் வாக்கெடுப்புக்கு வந்தபோது, உங்கள் பெற்றோரிடம், உறவினரிடம், உடன் வேலை செய்வோரிடம், நீங்கள் சாமான் வாங்கும் கடைக்காரரிடம் உங்களை வெளிப்படுத்திக்கொள்ளுங்கள் என்று ஊர் ஊராகப் பேசினார். வாக்காளர் யாரோ ஒருவருக்கு எதிராக அல்லாமல், தனக்குத் தெரிந்த ஒருவருக்கு எதிராகக் கைதூக்க வேண்டியிருக்கும் என்பது அவர் கணக்கு. ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் தீர்மானத்துக்கு எதிராக வாக்களித்தார்கள். சில வாரங்களில், நவம்பர் 27 அன்று, மில்க்கும் மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்றிரவு பல்லாயிரம் பேர் மெழுகுவத்தியுடன் அமைதியாக நடந்தார்கள். கொலையாளிக்குக் குறைந்த தண்டனை என்று 1979 மே 21 அன்று தீர்ப்பு வந்ததும் அதே ஊர் நகரமன்றக் கண்ணாடிகளை உடைத்து போலீஸ் கார்களுக்குத் தீ வைத்தது.

துக்கத்திலிருந்து சினத்துக்கு

1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வாராந்திர அறிக்கை, லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த அரிய நிமோனியாவைப் பற்றிச் சொன்னது. எய்ட்ஸ் என்ற பெயர் அப்போது இல்லை. அடுத்த ஐந்தாண்டுகளில் தன்பால் ஈர்ப்பாளர் சமூகம் செய்த காரியம் வியப்பானது: மருத்துவமனையில் சாப்பாட்டுத் தட்டை அறை வாசலில் வைத்துவிட்டு ஊழியர்கள் ஓடிய காலத்தில், நண்பர்கள் முறைபோட்டு ஊட்டினார்கள், கழுவினார்கள், அடக்கம் செய்தார்கள். 1982 ஜனவரியில் நியூயார்க்கில் தொடங்கிய தன்பால் ஈர்ப்பு ஆண்கள் நல மையம் இதற்கு முன்னோடி. அரசிடம் கேட்டார்கள்தான், ஆனால் தணிந்த குரலில். நோய் நம் நடத்தையால் வந்ததோ என்ற உறுத்தல் பலருக்குள் இருந்தது. அந்த உறுத்தல் சினத்தை எழவிடாமல் அழுத்திவைத்தது என்கிறார் கூல்ட்.

1986 ஜூன் 30 அன்று பவர்ஸ் எதிர் ஹார்ட்விக் வழக்கில், தன்பால் உறவைக் குற்றமாக்கும் மாநிலச் சட்டம் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாகக் கிடந்தவர்களைப் பார்த்து நீங்கள் குற்றவாளிகளும்கூட என்று நாட்டின் உயர்ந்த மன்றம் சொன்னதாக அது விழுந்தது. நல்ல பிள்ளையாக நடந்துகொண்டால் மதிப்பார்கள் என்ற நம்பிக்கை அன்றோடு பலருக்குப் போய்விட்டது. சில மாதங்களில் மன்ஹாட்டன் சுவர்களில் கறுப்புப் பின்னணியில் இளஞ்சிவப்பு முக்கோணம் போட்ட ஒரு சுவரொட்டி தோன்றியது. மௌனமே மரணம் என்பது அதன் வாசகம். ஆறு பேர் கூடித் தயாரித்தது. நாஜி முகாம்களில் தன்பால் ஈர்ப்புக் கைதிகளின் சட்டையில் தைத்த அடையாளம் அந்த முக்கோணம். இவர்கள் அதைத் தலைகீழாக நிமிர்த்தி வைத்திருந்தார்கள்.

1987 மார்ச் 10 அன்று நாடகாசிரியர் லாரி கிராமர் நியூயார்க் சமூகக் கூடத்தில் பேசினார். அரங்கில் ஒரு பகுதியினரை எழுந்து நிற்கச் சொல்லி, உங்களில் இத்தனை பேர் சில ஆண்டுகளில் இருக்க மாட்டீர்கள் என்றார். ஆறுதல் சொல்வதற்காக வந்த பேச்சு இல்லை. சில நாட்களில் ஆக்ட் அப் தோன்றியது. மார்ச் 24 அன்று வால் தெருவில் முதல் மறியல். ஐந்து நாள் முன்புதான் ஏஇசட்டி என்ற முதல் எய்ட்ஸ் மருந்துக்கு ஒப்புதல் கிடைத்திருந்தது. பரோஸ் வெல்கம் நிறுவனம் வைத்த விலை ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலர். அந்த மறியலில் 17 பேர் கைதானார்கள். அதிபர் ரேகன் எய்ட்ஸ் பற்றி முதல்முறையாகப் பெரிய உரை நிகழ்த்தியது அந்த ஆண்டு மே 31 அன்று. அதற்குள் அந்நாட்டில் இறந்தவர்கள் 20,000-க்கு மேல்.

ஆக்ட் அப்பைக் கோபக்காரர் கூட்டம் என்று நினைத்துக்கொண்டால் பாதிதான் புரியும். திங்கட்கிழமை இரவுக் கூட்டங்களில் யார் வேண்டுமானாலும் பேசலாம், வாக்களிக்கலாம். தலைவர் என்று ஒருவர் இல்லை. கூட்டத்தில் காதல் துளிர்த்தது, கேலி பறந்தது. இன்னொரு பக்கம் மருந்தியலைத் தாமே படித்த ஒரு குழு ஆய்வறிக்கைகளைப் பிரித்து மேய்ந்தது. 1988 அக்டோபர் 11 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மேரிலாந்தில் உணவு மருந்து நிர்வாகத்தின் தலைமையகத்தை முற்றுகையிட்டபோது, கையில் பதாகையும் இருந்தது, சோதனை நடைமுறையை எப்படி மாற்றலாம் என்ற விரிவான திட்டமும் இருந்தது. 1989 செப்டம்பர் 14 அன்று பீட்டர் ஸ்டேலி உள்ளிட்ட ஏழு பேர் நியூயார்க் பங்குச் சந்தைக்குள் நுழைந்தார்கள். மாடத்தில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு வணிகத்தை நிறுத்தினார்கள். சில நாட்களில் ஏஇசட்டி விலை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. 1991இல் எய்ட்ஸ் நிதியை எதிர்த்த செனட்டர் ஜெசி ஹெல்ம்ஸின் வீட்டுக்கே ஒரு ராட்சத ஆணுறையை மாட்டிவிட்டார்கள். அவரே சிரிப்புக்கிடமானார். தேசிய ஒவ்வாமை தொற்றுநோய் நிறுவனத்தின் தலைவர் அந்தோனி ஃபௌச்சியை 1988இல் பகிரங்கக் கடிதத்தில் கொலைகாரர் என்றார் கிராமர். அதே ஃபௌச்சி பின்னர் இவர்களை ஆய்வுக் குழுக்களில் உட்கார வைத்தார், இருவரும் நண்பர்களாகவும் ஆனார்கள். நோயாளியும் சோதனையைத் திட்டமிடும் மேசையில் இருக்க வேண்டும் என்ற இன்றைய மருத்துவ நடைமுறையில் இந்தச் சினத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

துக்கத்தை இதற்கு நேர் எதிரான வழியில் வெளிக்கொணர்ந்தவர் கிளீவ் ஜோன்ஸ். 1985 நவம்பரில் மில்க் நினைவு ஊர்வலத்தில், எய்ட்ஸால் இறந்தவர்களின் பெயர்களை அட்டையில் எழுதச் செய்து சான் பிரான்சிஸ்கோ கூட்டாட்சிக் கட்டடத்தின் சுவரில் ஒட்டினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒட்டுத்துணிப் போர்வைபோல் இருந்தது. அதிலிருந்து பிறந்தது எய்ட்ஸ் நினைவு விரிப்பு. ஒவ்வொரு துண்டும் மூன்றடிக்கு ஆறடி, ஒரு கல்லறையின் அளவு. அம்மாக்களும் காதலர்களும் இறந்தவரின் சட்டை, டெடி பொம்மை, விளையாட்டுப் பதக்கம் எல்லாவற்றையும் அதில் தைத்தார்கள். 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டன் தேசிய வெளியில் 1,920 துண்டுகள் விரிக்கப்பட்டு, பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன. இன்று ஏறத்தாழ 50,000 துண்டுகள், 54 டன் எடை.

எந்த ஊர்வலத்துக்கும் வராத குடும்பங்களை விரிப்பு வரவழைத்தது. ஆக்ட் அப்பில் பலருக்கு அதுவே உறுத்தியது. அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், சாவுக்குப் பொறுப்பானவர்களை யாரும் கேட்பதில்லை என்றார்கள். 1988இல் விரிப்பைப் பார்க்க வந்தவர்களிடம், இதற்குக் காரணமான அரசிடம் உங்கள் சினத்தைக் காட்டுங்கள் என்று துண்டறிக்கை கொடுத்தார்கள். விமர்சகர் டக்ளஸ் கிரிம்ப் 1989இல் எழுதிய கட்டுரையின் வாதம் இச்சண்டையில் எடுபட்டது: போராட்டம் துக்கத்துக்கு மாற்று அல்ல; துக்கத்தை விழுங்கிவிட்டுப் போராடினால் அது உள்ளேயிருந்து தின்னும். எனக்கு இவர் பேச்சே இரண்டு தரப்பையும்விட நேர்மையாகப் படுகிறது.

பிறகு நடந்தது அதை மெய்ப்பித்தது. 1992 மார்ச் 26 அன்று மன்ஹாட்டனில் தேர்தல் நிதி திரட்ட வந்த பில் கிளின்டனை ஆக்ட் அப்பின் பாப் ராஃப்ஸ்கி இடைமறித்தார். பதினோரு ஆண்டு அரசு அலட்சியத்தால் செத்துக்கொண்டிருக்கிறோம் என்றார். உங்கள் வலி எனக்குப் புரிகிறது என்றார் கிளின்டன், பிறகு எரிச்சலாகிப் பதிலுக்குக் கடிந்துகொண்டார். ராஃப்ஸ்கி அடுத்த ஆண்டு பிப்ரவரியில் இறந்தார். 1992 அக்டோபர் 11 அன்று, சற்றுத் தள்ளி நினைவு விரிப்பு விரிந்திருக்க, உறவினரும் நண்பர்களும் கலசங்களிலும் பெட்டிகளிலும் பிளாஸ்டிக் பைகளிலும் தம்மவர் சாம்பலை எடுத்துவந்து, வேலிக்கு மேலாக வெள்ளை மாளிகைப் புல்தரையில் கொட்டினார்கள். அங்கே துக்கத்தையும் சினத்தையும் பிரித்துப் பார்க்க முடியாது.

ஆனாலும் இயக்கம் தேய்ந்தது. மருந்துக் குழுவில் முக்கியமானவர்கள் 1992 தொடக்கத்திலேயே பிரிந்து தனி அமைப்பு கண்டனர். 1993இல் வந்த கான்கார்ட் ஆய்வு, ஏஇசட்டியை முன்கூட்டியே கொடுப்பதால் பயனில்லை என்றது. போராடிப் பெற்ற மருந்தே உதவவில்லை. சினத்துக்கு இடம் கொடுத்த அமைப்பு அவநம்பிக்கைக்கு இடம் கொடுக்கவில்லை. சோர்ந்தவர்கள் சொல்ல வாயின்றி விலகிப் போனார்கள் என்பது கூல்டின் கணிப்பு. கூட்டு மருந்துச் சிகிச்சை 1996இல் வந்து சாவு எண்ணிக்கையைச் சரித்தபோது ஆக்ட் அப் பழைய ஆக்ட் அப்பாக இல்லை.

அன்பும் வாக்குப் பெட்டியும்

2008 நவம்பரில் கலிஃபோர்னியா, தன்பால் திருமணத்தைத் தடை செய்யும் எட்டாவது தீர்மானத்தை 52 விழுக்காடு வாக்குகளால் ஏற்றது. தன்பால் திருமண ஆதரவாளர்களின் பிரசாரம் உரிமை, பாகுபாடு என்று வறட்டுச் சொற்களில் பேசியது. விளம்பரங்களில் தன்பால் இணையர் முகம் காண்பது அரிது. எதிர்த்தரப்பு பள்ளிக்கூடத்துக் குழந்தையைக் காட்டியது. தோற்றவர்கள் பிறகு உரிமைப் பேச்சைக் குறைத்து, அன்பு, வாழ்நாள் துணை, குடும்பம் என்று பேசத் தொடங்கினார்கள்.

லாஸ் ஏஞ்சலிஸில் டேவ் ஃபிளைஷரின் குழு வேறொன்றைச் செய்தது. எதிராக வாக்களித்த பகுதிகளில் கதவைத் தட்டி, வாதாடாமல், வாக்காளரையே அவர் கதையைச் சொல்லவிட்டது. நீங்கள் எப்போதாவது ஒதுக்கப்பட்டிருக்கிறீர்களா என்று கேட்டது. இது மனத்தை மாற்றுகிறது என்று 2014 டிசம்பரில் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. தரவு புனைவு என்று தெரிந்து 2015 மேயில் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. மோசடியை வெளிக்கொணர்ந்தவர்களில் இருவரான டேவிட் புரூக்மனும் ஜோஷுவா காலாவும் தாமே மயாமியில் 501 வாக்காளர்களிடம் முறையாகச் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். பத்து நிமிட உரையாடல் திருநர் மீதான வெறுப்பைக் குறைக்கிறது, குறைந்தது மூன்று மாதம் நீடிக்கிறது என்று கண்டார்கள். பொய்யான ஆய்வு சொன்னது கடைசியில் பெரும்பாலும் மெய்யாகவே இருந்தது. ஆய்வுலகில் இப்படியும் நடக்கும்.

அயர்லாந்தில் 1993 வரை ஆண்களிடை உறவு குற்றம். அந்நாடு 2015 மே 22 அன்று, மக்கள் வாக்கெடுப்பின் மூலம் தன்பால் திருமணத்தை ஏற்ற முதல் நாடானது: ஆதரவு 62 விழுக்காடு, பதிவு 60 விழுக்காட்டுக்கு மேல். வழி திறந்தது ஓராண்டுக்கு முந்தைய ஒரு பேச்சு. 2014 பிப்ரவரியில் டப்ளின் அபே நாடக அரங்கில் பான்டி பிளிஸ் என்ற பெண்வேடக் கலைஞர், தெருவைக் கடக்கக் காத்திருக்கும்போது தன் நிற்பும் கையசைப்பும் தன்னைக் காட்டிக்கொடுக்கிறதா என்று தன்னையே வேவு பார்க்கும் பழக்கத்தைச் சொன்னார். அந்தக் கூச்சம் என்னவென்று பார்த்தவர்க்கெல்லாம் புரிந்தது. அமைச்சர் லியோ வரத்கர் 2015 ஜனவரியில் வானொலியில் தன்னை வெளிப்படுத்திக்கொண்டார். வாக்கெடுப்புக்குச் சில நாள் முன் மூத்த பத்திரிகையாளர் அர்சுலா ஹாலிகன் தன் ஐம்பத்து நான்காம் வயதில் முதன்முறையாகத் தன்னைப் பற்றி எழுதினார். வெளிநாட்டிலிருந்த இளைஞர்கள் வாக்களிக்கவே விமானம் ஏறி ஊர் வந்தார்கள்.

இந்த வெற்றிக்குக் கொடுத்த விலையும் உண்டு. வீட்டுக்கு வீடு ஏறி அந்தரங்கத்தைத் திறந்து காட்டி, அந்நியரின் அனுதாபத்தைக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. 2017இல் ஆஸ்திரேலிய அஞ்சல் கணிப்பிலும் (ஆதரவு 61.6 விழுக்காடு) இதே குறை எழுந்தது: ஒருவர் உரிமையை ஏன் ஊரார் மனநிலைக்கு விட வேண்டும்? அன்பைப் பேசும் பிரசாரம் திருமணத்துக்குப் பொருந்துகிறவர்களையே முன்னிறுத்துகிறது என்ற கண்டனமும் சரியானதுதான்.

இந்தியாவும் தமிழகமும்

இந்தியாவில் வாக்கெடுப்பு இல்லை. அரங்கம் நீதிமன்றம், எதிரி 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தில் தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு. 1992 ஆகஸ்டில் டெல்லி காவல் தலைமையகம் முன் நடந்த சிறு மறியலும், 1999 ஜூலை 2 அன்று கொல்கத்தாவில் பதினைந்து பேர் நடந்த நட்பு நடையும் தெருவில் எடுத்த முதல் அடிகள். 2009 ஜூலை 2 அன்று டெல்லி உயர் நீதிமன்றம், பலருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக ஒன்றைக் குற்றமாக்க முடியாது, அரசியல் சாசன அறமே அளவுகோல் என்றது. அருவருப்புக்குச் சட்டத்தில் இடமில்லை என்று சொன்ன தீர்ப்பு அது. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டியது. இவர்கள் மிகச் சிறிய பகுதியினர்தானே என்றது. நான்கு நாளில், டிசம்பர் 15 அன்று, உலகின் பல நகரங்களில் சின நாள் கடைப்பிடிக்கப்பட்டது. உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியான முதல் இந்தியப் பெண் லீலா சேத், எழுத்தாளர் விக்ரம் சேத்தின் தாய். தாயாகவும் நீதிபதியாகவும் தன் வேதனையை நாளிதழில் எழுதினார். 2018 செப்டம்பர் 6 அன்று ஐவர் அமர்வு பிரிவைத் தளர்த்தியபோது நீதிபதி இந்து மல்கோத்ரா, இவர்களிடமும் இவர்கள் குடும்பத்தாரிடமும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று எழுதினார். ஆனால் 2023 அக்டோபர் 17 அன்று திருமண உரிமை மறுக்கப்பட்டது. அவ்வழக்கின்போது நானூறுக்கும் மேற்பட்ட பெற்றோர் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள்.

தமிழகத்தின் கதை வேறிடத்தில் தொடங்குகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில் சித்திரைத் திருவிழாவில் திருநங்கையர் கூத்தாண்டவராகிய அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்வதும், மறுநாள் அரவான் களப்பலி முடிந்ததும் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சேலை உடுத்தி ஒப்பாரி வைப்பதும் நெடுங்கால வழக்கம். கூடி அழ இங்கே ஓர் இடம் ஏற்கெனவே இருந்தது. அந்த ஒரு நாள் தாண்டினால் கேட்பாரில்லை என்பதுதான் குறை. அதே திருவிழாக் கூட்டம் பின்னர் எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கும், அரசிடம் கோரிக்கை வைக்கும் கருத்தரங்குகளுக்கும் களமானது. 2004இல் திருநங்கை எழுத்தாளர் ரேவதி தொகுத்த 'உணர்வும் உருவமும்' திருநங்கையர் வாழ்க்கையை அவர்கள் வாய்மொழியாகவே அச்சேற்றியது. 2008இல் விஜய் தொலைக்காட்சியில் திருநங்கை ரோஸ் வெங்கடேசன் நிகழ்ச்சி நடத்தினார். அதே ஆண்டு ஏப்ரலில் திருநங்கையர் நல வாரியம் அமைந்தது. 2009 ஜூனில் சென்னையில் தொடங்கிய பேரணியை இங்கே வானவில் சுயமரியாதைப் பேரணி என்றே அழைக்கிறார்கள்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒன்று இவ்வரலாற்றில் தனித்து நிற்கிறது. மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு இளம்பெண்கள் 2021இல் பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இத்தீர்ப்பு தலையிலிருந்து அல்ல, நெஞ்சிலிருந்து வர வேண்டும், அதற்குத் தனக்கு அவகாசம் வேண்டும் என்று ஆணையிலேயே பதிந்தார். உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து பேசினார். தமக்கிருந்த முன்முடிவுகளை மறைக்காமல் எழுதினார். ஜூன் 7 ஆணையில் 'மாற்றுச் சிகிச்சை' முயற்சிகளுக்குத் தடை விதித்தார். தொடர்ந்து காவலர் நடத்தை விதிகளில் இச்சமூகத்தினரைத் துன்புறுத்தக் கூடாது என்ற பிரிவு சேர்ந்தது. நீதிபதி உணர்ச்சியற்றவராக இருக்க வேண்டும் என்ற மரபுக்கு இது முரணாகத் தோன்றலாம். வெறுப்பும் ஓர் உணர்ச்சியே, அது இவ்வளவு காலம் நடுநிலை என்ற பெயரில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது என்பதை எடுத்துச் சொன்னதுதான் அந்த ஆணையின் பெறுமதி. 2025 மே மாதம் அதே நீதிமன்றத்தின் இருவர் அமர்வு, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றது. எல்லாப் பெற்றோரும் லீலா சேத்தைப் போன்றவர்கள் அல்லர் என்பதையும் குறிப்பிட்டது.

வாக்குரிமையில் நிலைமை இன்னும் பின்தங்கியே இருக்கிறது. தேர்தல் ஆணையம் 2009இல் வாக்காளர் பட்டியலில் 'இதரர்' என்று பதிய வழிசெய்தது. 2022இல் வேலூர் மாநகராட்சி 37ஆவது வார்டில் திருநங்கை கங்கா உறுப்பினராக வென்றார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இப்பிரிவில் 4.88 லட்சம் பேரைக் கணக்கிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் மூன்றாம் பாலினத்தவராகப் பதிவானவர்கள் 48,000-க்குச் சற்று மேல். அவர்களில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு 27 பேர்.